அது பழைய கட்டிடம், பலவீனமான கட்டிடம் இல்லை

நம் ஊர்ப் பள்ளியின் பழைய கட்டிடத்தை இடிக்கப் பொக்லைன் நிற்கும் படத்தை நேற்று போட்டேன். வந்த பதில்களைப் படித்ததில் ராத்திரி தூக்கமே இல்லை. 'ஒரு பழைய கட்டிடத்துக்கு இவ்வளவு அழுகையா?' என்று கேட்டவர்களில் பாதிப் பேர் அந்த வராந்தாவில் உட்கார்ந்து படித்தவர்கள்.

திரும்பவும் சொல்கிறேன். அது பழைய கட்டிடம். பலவீனமான கட்டிடம் இல்லை. பொக்லைன் வைத்தே இடிக்க மூன்று நாள் ஆனதே, பார்த்தீர்கள்தானே?

அந்தக் கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கல்லை நிறுத்தி வைத்து, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தால் அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். எங்கள் அப்பாயி சின்னப் பெண்ணாக அங்கே தளம் தட்டப் போனவள். பள்ளிக்கூடத்துக்குள் அவள் போனது அந்த ஒரு வேலைக்குத்தான். நான் பத்தாவது பாஸானபோது, "நான் தட்டின தளத்துக்குக் கீழ படிச்ச புள்ள" என்று தெரு முழுக்கச் சொன்னாள்.

பிள்ளைகள் உயிர் முக்கியமில்லையா என்கிறீர்கள். முக்கியம்தான், நானும் பிள்ளை பெற்றவள். 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். பலவீனமான பள்ளிக் கட்டிடங்களை இடிக்க அரசு சொன்னது அதற்குப் பிறகுதான். சரியான முடிவு. ஆனால் விழுந்த அந்தச் சுவர் சுண்ணாம்புக் காலத்துச் சுவர் இல்லையே!

நம் பள்ளியில் விரிசல் இருந்தது, மறுக்கவில்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் பூசியதால் ஈரம் உள்ளேயே தங்கியது. மழைத்தண்ணீர்க் குழாயில் அரசங்கன்று முளைத்து வேர் விட்டது. ஒருவரும் பிடுங்கவில்லை. இதெல்லாம் கட்டிடத்தின் குற்றமா?

சென்னை திருவல்லிக்கேணி இந்து மேல்நிலைப் பள்ளியைப் போய்ப் பாருங்கள். ஹென்றி இர்வின் வரைந்து, நம்பெருமாள் செட்டியார் கட்டிய 1897ஆம் ஆண்டுக் கட்டிடம். நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் படித்த இடம். இன்றும் அங்கே வகுப்பு நடக்கிறது. பராமரிக்கக் காசு இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். இடிக்கக் காசு இருந்ததே.

இப்போது எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த வராந்தாவில் எடுத்த படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். என்னிடம் பத்தாவது குரூப் போட்டோ மட்டும்தான் இருக்கிறது. அதில் இரண்டு தூண்தான் தெரிகிறது, கூரை தெரியவில்லை.