அந்தக் கான்விக்ட் மீன் ஜோடி கொலைகாரர்கள் இல்லை

பேசாமல் கடந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்று காலை என் மாமா மகனும் அதே வீடியோவை அனுப்பிவிட்டான். "நீயும் மீன் வளர்க்கிறாயே, பார், எவ்வளவு நல்ல மனசு!" என்று ஒரு வரி வேறு. அதற்கு மேல் முடியவில்லை.

தொட்டியில் இன்னொரு மீனைக் கொன்றதாகச் சொல்லி, ஒரு மீன் ஜோடியை ஒருவர் ஏரியில் விடும் வீடியோதான். என் நட்புப் பட்டியலில் பாதிப் பேர் அதற்கு இதயம் போட்டிருக்கிறீர்கள். நானும் அங்கே ஒரு கமெண்ட் போட்டேன். திட்டவில்லை. மரியாதையாக நாலு வரி. வீடியோ போட்டவர் அதை நீக்கிவிட்டார். நீக்கியதுகூடப் பரவாயில்லை, நீக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "மீன் வாத்தியார் வந்துட்டார், எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்று தனிப்பதிவு போட்டார். அதற்குச் சிரித்தவர்களில் என்னிடம் ஏஞ்சல் மீன் குஞ்சு வாங்கிப் போனவர்களும் உண்டு. சரி, வாத்தியாராகவே இருந்துவிட்டுப் போகிறேன். பாடத்தை எடுத்துவிடுகிறேன்.

வீடியோவில் தெரிவதை மட்டும் வைத்துப் பேசுகிறேன். இரண்டடித் தொட்டி. மூலையில் ஒரு பிளாஸ்டிக் கோட்டை. உள்ளே எல்லாம் வளர்ப்பு மீன்கள்: ஒரு கான்விக்ட் ஜோடி, இரண்டு ஏஞ்சல், ஒரு குட்டி ஆஸ்கர், கொஞ்சம் நியான் டெட்ரா என்ற பொடி மீன். ஒரு ஏஞ்சல் துடுப்பெல்லாம் கிழிந்து செத்துக் கிடக்கிறது. பேய்ப்பட இசை. "கொலைகார மீன்கள்" என்று சிவப்பு எழுத்து. அப்புறம் அந்த ஜோடியை வலையில் பிடித்து, வாளியில் போட்டு, ஏரியில் ஊற்றி, "விடுதலை" என்கிறார். இசை புல்லாங்குழலுக்கு மாறுகிறது.

கேமரா அந்தக் கோட்டையைத் தாண்டும்போது ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள். பின்னால் பொடிப்பொடியாகக் குஞ்சுகள். அவர் கவனிக்கவே இல்லை. கவனித்திருந்தால் தலைப்பே வேறாக இருந்திருக்கும்.

அது கொலை இல்லை. குஞ்சுகளைக் காத்த தாய் தகப்பன் வேலை. கான்விக்ட் முட்டையிட்டால் தாய் அதன் மேலேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருக்கும். தகப்பன் சுற்றுவட்டாரத்தைக் காவல் காக்கும். சுமார் மூன்று நாளில் முட்டை பொரியும், அடுத்த ஒரு வாரத்துக்குள் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். கூட்டத்தை விட்டு விலகிய குஞ்சை வாயில் கவ்விக் கொண்டுவந்து கூட்டத்துக்குள் துப்பும். அடியில் கிடக்கும் காய்ந்த இலையைத் தூக்கிக்கொடுக்கும், அதற்குக் கீழே இருப்பதைக் குஞ்சுகள் மேயட்டும் என்று. வளர்ந்த ஆண் நாலைந்து அங்குலம்தான். அந்த உடம்பை வைத்துக்கொண்டு தன்னைவிடப் பெரிய மீனை விரட்டும். நீங்கள் கையை விட்டால் கையையும் கடிக்க வரும்.

இப்போது உடனே வரும் கேள்வி எனக்குத் தெரியும். "அப்படியென்றால் இயற்கையிலும் கொல்லத்தானே செய்யும்?" இல்லை. அங்கே பெரும்பாலும் விரட்டுவதோடு முடிந்துவிடும். மத்திய அமெரிக்காவின் ஓடையில் ஒரு கான்விக்ட் இன்னொரு மீனை விரட்டினால் அது ஓடிவிடும். ஓடியதும் இதுவும் குஞ்சுகளிடம் திரும்பிவிடும். இரண்டடித் தொட்டியில் எங்கே ஓடுவது? எதிர்க்கண்ணாடியில் முட்டி நிற்கிற ஏஞ்சல் இன்னும் அவர்கள் எல்லைக்குள்தான் நிற்கிறது. மறுபடி அடி. மறுபடி ஓட்டம். மறுபடி கண்ணாடி. ராத்திரி முழுக்க இதுதான் நடந்திருக்கும். தப்பு மீனிடம் இல்லை, தொட்டியில். தொட்டியிலும் இல்லை, அதற்குள் யார் யாரைப் போட்டார்களோ அவர்களிடம்.

இதில் எரிச்சல் என்னவென்றால், அந்த ஜோடி மட்டும் இருந்திருந்தால் அதே தொட்டி அவர்களுக்குச் சுமாராகப் போதும். கோட்டை இருந்த இடத்தில் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்துவைத்திருந்தால் இன்னும் நிம்மதியாக இருந்திருப்பார்கள். மற்றவர்களை வேறிடம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். உடனே முடியாவிட்டால் நடுவில் ஒரு தடுப்பு.

அந்த ஆஸ்கரைப் பற்றி யாருமே பேசவில்லை. கடையில் இரண்டு அங்குலத்தில் அழகாக இருக்கும். நன்றாக வளர்த்தால் ஓராண்டுக்குள்ளேயே முக்கால் அடியைத் தாண்டும், முழு வளர்ச்சியில் ஓரடி. பத்து வருடத்துக்கு மேலும் வாழும். அதற்குக் குறைந்தது நாலடித் தொட்டி வேண்டும், முந்நூறு லிட்டருக்குக் கிட்டத்தட்ட. நியான் டெட்ரா அதற்கு டேங்க்மேட் இல்லை, தீனி. இன்னும் கொஞ்சம் வளரட்டும், அப்போது "கொலைகார மீன், பாகம் 2" வரும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"தொட்டி அளவுக்குத்தான் சார் மீன் வளரும்" என்று அங்கே ஒருவர் எழுத, அதற்கு இருநூறு லைக். இந்த ஒரு வரியை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! சின்னத் தொட்டியில் கழிவு சேர்ந்து, தண்ணீர் கெட்டு, மீன் வளர்ச்சி குன்றிப்போகிறது. முதுகு வளைகிறது. நோய் பிடிக்கிறது. ஆயுள் முடியும் முன்னே சாகிறது. ஆறடி ஆளை அலமாரிக்குள் பூட்டிவைத்துவிட்டு, "பாருங்கள், குனிந்து நிற்கப் பழகிவிட்டார்" என்பீர்களா?

என்னிடம் ஒரு ஆஸ்கர் இருந்தது. நான் வாங்கியதில்லை. வீடு மாறிப்போன ஒருவர், "எடுத்துக்கிறீங்களா, இல்லைன்னா..." என்று இழுத்தார். அந்த 'இல்லைன்னா'வுக்கு அப்புறம் என்ன வரும் என்று தெரிந்ததால் எடுத்துக்கொண்டேன். தலையில் குழி குழியாக இருந்தது. 'ஹோல் இன் தி ஹெட்' என்று வளர்ப்பவர்கள் சொல்லும் நோய். காரணம் இதுதான் என்று ஒன்றைமட்டும் கைகாட்ட முடியாது, ஆனால் மோசமான தண்ணீரும் ஒரேமாதிரித் தீனியும் கூடவே இருக்கும். புதுத் தொட்டியில் விட்டதும் அது ஒருக்களித்துத் தரையில் படுத்துக்கொண்டது. வீட்டில் எல்லோரும் செத்துவிட்டது என்றார்கள். சாகவில்லை, கோபம். ஆஸ்கர் அப்படித்தான், இடம் மாற்றினால் படுத்துக்கொள்ளும், கல்லை நகர்த்தினால்கூட. நான் மருந்து எதுவும் ஊற்றவில்லை. தண்ணீரை மாற்றினேன், தீனியை மாற்றினேன், அவ்வளவுதான். குழிகள் மெல்ல ஆறின, வடு மட்டும் போகவில்லை. கொஞ்சகாலத்தில் நான் அறைக்குள் வந்தால் கண்ணாடிக்கு வந்து நிற்கும், வேறு யாராவது வந்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. "அது சோத்துக்காக வருது" என்பாள் தங்கை. இருக்கட்டுமே. எங்கள் வீட்டில் சோற்றுக்காகக்கூட என்னைத் தேடாத ஆட்கள் இருக்கிறார்கள்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. அதே வீடியோவில் பெருமையாகச் சொல்கிறார், "நேத்துதான் முழுத் தண்ணியையும் மாத்தி, ஃபில்டரைக் குழாயில பளபளன்னு கழுவினேன்" என்று. ஃபில்டர் ஸ்பான்ஜில் இருக்கிற பாக்டீரியாதான் மீனின் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. புதுத் தொட்டியில் அது நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் அதில் பெரும்பகுதி போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் லேசாகப் பிழிந்தால் போதும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர், குளோரின் நீக்கியது. இதைச் சொன்னதற்குத்தான் வாத்தியார் பட்டம்.

"நாலடித் தொட்டி, பெரிய ஃபில்டர் எல்லாம் பணக்காரர்களுக்கு. எங்களுக்கு ஆசை இருக்கக் கூடாதா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அந்தக் கேள்வி உண்மையாகவே வலித்தது, ஏனென்றால் நான் தொடங்கியதும் பழைய, ஓரம் சிதறிய தொட்டியில்தான். ஆசைப்படு தம்பி. ஆனால் சிக்லிட் (கான்விக்ட், ஏஞ்சல், ஆஸ்கர் எல்லாம் சேர்ந்த மீன் குடும்பம்) என்றாலே ஆஸ்கரும் ஃப்ளவர்ஹார்னும் மட்டும் இல்லை. இந்தக் குடும்பத்தில் 1,700-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் தாங்கனிக்கா ஏரியில் 'மல்டி' என்று செல்லமாகக் கூப்பிடும் ஒரு மீன், இரண்டு அங்குலம்கூட இல்லை, காலி நத்தை ஓட்டுக்குள் குடும்பம் நடத்துகிறது. இரண்டடித் தொட்டி, மணல், கைநிறைய நத்தை ஓடு, போதும். மணலைத் தோண்டி ஓட்டைப் புதைப்பதும், பக்கத்து வீட்டுக்காரனோடு எல்லைத் தகராறு செய்வதும், எங்கேயோ இருந்து திடீரென்று குஞ்சுகள் எட்டிப்பார்ப்பதும்... டிவியே வேண்டாம். மென்மையான (கனிம உப்பு குறைந்த) தண்ணீர் இருந்தால் ராம், அபிஸ்டோகிராமா என்ற குட்டி சிக்லிட்கள். இருக்கிற தொட்டிக்கு ஏற்ற மீனை எடு என்பதுதான் நான் முதலிலிருந்து சொல்வது. அதைப் பணத்திமிர் என்றால் நான் என்ன செய்ய?

இன்னொருவர் மடக்கிவிட்டதாக நினைத்து எழுதியிருந்தார்: "மலாவி ம்புனாக்களை எல்லோரும் நெருக்கமாகத்தானே வளர்க்கிறார்கள்?" ஆமாம், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறைகளுக்கிடையே வாழும் அந்தச் சிக்லிட்களை அப்படி வளர்க்கிறார்கள். நாலடித் தொட்டியில், குவியலாகக் கல் அடுக்கி, இரட்டை ஃபில்டர் போட்டு, ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்று கணக்குப் பார்த்து. எண்ணிக்கை கூடினால் அடி ஒருவன் மேலேயே விழாமல் பரவும், அதற்காக. புது மீன் விடும்போது கல்லை எல்லாம் கலைத்து அடுக்குவார்கள், பழைய எல்லைகள் அழியட்டும் என்று. அதையும் இரண்டடித் தொட்டியில் ஏஞ்சலையும் கான்விக்ட்டையும் சேர்த்துப் போட்டதையும் ஒன்றாக்குவது விதண்டாவாதம்.

"நீயும்தான் மீனை அடைத்து வைத்திருக்கிறாய்" என்றும் சொல்வார்கள். வைத்திருக்கிறேன். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, இருப்பதாக நடிக்கவும் போவதில்லை. ஆனால் அடைத்து வைத்தவனுக்குப் பொறுப்பு கூடும், குறையாது. அதை நழுவவிட்டு ஏரிக்கரையில் போய் நின்றுகொண்டு புல்லாங்குழல் வாசிக்க மாட்டேன்.

ஏனென்றால் அந்த ஏரிதான் எல்லாவற்றிலும் மோசம். அது விடுதலை இல்லை. செத்தால் அந்த மீன்களுக்குக் கேடு, பிழைத்தால் அங்கே ஏற்கெனவே இருக்கிற மீன்களுக்குக் கேடு. நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு, உயிரைக் கொடுத்துக் காப்பாற்றும் ஜோடி அது. ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட்தான், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் வெளியிட்ட பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. தெற்கு ஃப்ளோரிடாவின் கால்வாய்களில் இன்று ஆஸ்கர் கூட்டம் கூட்டமாக வாழ்கிறது. அது அமேசான் மீன், தானாக நீந்தி அங்கே போகவில்லை. வாளி தூக்கிய புண்ணியவான்களுக்கு எல்லா ஊரிலும் இதயம் கிடைக்கும்போல.

அந்த மீன்களைக் கொடுக்க அவருக்கு ஆள் கிடைக்கவில்லையாம். கேட்டாரா? வாங்கிய கடையில் திருப்பித் தரலாம், வளர்ப்பவர்கள் குழுவில் ஒரு வரி போடலாம். நானே எடுத்திருப்பேன். வாத்தியாரிடம் கேட்கக் கௌரவம் இடம் தரவில்லை போலும்.

என்னை இப்போது பிளாக் செய்துவிட்டார். ஆனால் நண்பர் ஒருவர் சற்று முன் அவருடைய அடுத்த வீடியோவை அனுப்பினார். காலியான இடத்தில் புதிதாக ஆறு ம்புனா. பாசி மேயும் மீன், நீளமான குடல். அவற்றுக்குத் தினம் இரண்டு வேளை பிளட்வார்ம் என்ற சிவப்புப் புழுவைப் போடுகிறார். வயிறு வீங்கிச் சாகும் நோயை இப்படித்தான் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். கிழிந்த துடுப்போடு அந்த மிச்ச ஏஞ்சலும் அங்கேயே நிற்கிறது. உங்களில் யாராவது இன்னும் அவர் நட்பில் இருந்தால், ஏஞ்சலை வெளியே எடுக்கச் சொல்லுங்கள், ம்புனாவுக்கு ஸ்பைருலினா பாசி கலந்த தீனிக்கு மாறச் சொல்லுங்கள். நான் சொன்னதாக மட்டும் சொல்ல வேண்டாம், சொன்னால் இன்னும் ஒரு கைப்பிடி சேர்த்துப் போடுவார்.