காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போவது

உன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டானால் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்று சொல்லும் மத்தேயு 5-ஆம் அதிகாரத்தின் 23, 24 வசனங்கள் நம் நினைவுக்கு வருவது பெரும்பாலும் நற்கருணை ஆராதனையில் சமாதானம் கொடுக்கும் நேரத்தில்தான். தென்னிந்தியத் திருச்சபையின் முறைமையில் அப்பமும் காணிக்கையும் படைக்கப்படுவதற்கு முன்பாகச் சமாதானம் கொடுக்கப்படுகிறது. ஆயரிடம் தொடங்கி, ஒருவர் கையை மற்றவர் தம் இரு கைகளுக்குள் வாங்க, அது வரிசை வரிசையாகக் கடைசி பெஞ்சு வரை போய்ச் சேருகிறது. நான் மிகவும் நேசிக்கும் வழக்கம் அது. என்றாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பக்கத்தில் அமர்ந்திருப்பவரோடு நமக்குப் பெரும்பாலும் வழக்கு ஏதும் இருப்பதில்லை. நம்மேல் மனக்குறை உள்ளவர் அநேகமாக அந்த ஆலயத்துக்குள்ளேயே இருக்கமாட்டார்.

ஆண்டவர் இயேசு இதைச் சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்ததோ எருசலேமில். இடையிலுள்ள தூரம் நூறு கிலோமீட்டருக்கும் அதிகம். நீலகிரி மலையிலுள்ள கோத்தகிரியில் இருப்பவர்கள் மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூரைக் கடந்து, பாலக்காடு வரை நடப்பதாக நினைத்துப் பார்க்கலாம். அவ்வளவு தூரம் காணிக்கையோடு நடந்து வந்தவன், பலிபீடத்தின் முன் நின்ற பிறகு ஊரில் ஒருவனுக்குத் தன்மேல் குறை உண்டு என்று நினைவு வந்தால், அதை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பி நடக்க வேண்டும். ஒப்புரவான பின்பு மறுபடியும் வர வேண்டும். மலைப்பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்த கலிலேயருக்கு அந்தப் பயணத்தின் அலுப்பு நன்றாகத் தெரிந்திருக்கும்.

"உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" என்பதே வசனம். மற்றவன்மேல் நமக்குள்ள கோபத்தைப் பற்றி இங்கே பேச்சில்லை. நம்மால் பாதிக்கப்பட்டவனிடம் நாம் எழுந்து போவதைப் பற்றியே பேச்சு. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கணவனிடம் அடிபட்ட பெண்ணையும், பங்காளியிடம் நிலத்தை இழந்தவரையும் அழைத்து உட்கார வைத்து, "ஒப்புரவாகுங்கள், இல்லாவிட்டால் உங்கள் ஜெபம் கேட்கப்படாது" என்று சபைப் பெரியவர்களே இந்த வசனத்தைக் காட்டி நெருக்குவதைப் பார்த்திருக்கிறேன். அது வசனத்தைத் தலைகீழாகப் பிடிப்பதாகும். நடக்க வேண்டிய கால்கள் அடித்தவனுடையவை, பறித்தவனுடையவை.

எங்கள் மலையில் இந்தக் குறை பல நேரங்களில் தராசில்தான் தொடங்குகிறது. மழை நாளில் பறித்த தேயிலைக் கொழுந்தில் தண்ணீர் இருக்கும்; அதற்காக எடையில் ஓரளவு கழிப்பதில் நியாயம் உண்டு. ஆனால் மூட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கழிப்பதும், வெயில் அடிக்கும் நாளிலும் அதே அளவைக் கழிப்பதும், கிலோ கணக்கில் கூலி வாங்கும் பெண்ணின் கையிலிருந்து எடுப்பதுதான். அவள் அங்கே ஒன்றும் பேசமாட்டாள். முள் எங்கே நின்றது என்பதை ஒருமுறை பார்த்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, காலிச் சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அவளுக்கு நம்மேல் குறை உண்டு. அது நமக்கும் தெரியும்.

இதற்குத் தீர்வு கைகுலுக்கல் ஆகாது. லேவியராகமம் 6-ஆம் அதிகாரம், பிறனிடம் அநியாயமாக எடுத்ததை முதலோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டி, உரியவனுக்குக் கொடுத்துவிட்டுக் குற்றநிவாரண பலியைக் கொண்டுவரச் சொல்கிறது. ஆயிரம் ரூபாய் பிடித்தவர் ஆயிரத்து இருநூறு கொடுக்க வேண்டும். வரி வசூலித்து வந்த சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்துவதாகச் சொன்னபோதுதான் இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார் ஆண்டவர். ஒப்புரவாகுதலைக் கேட்டவுடன் நாம் உணர்ச்சியைத் தேடுகிறோம். வேதமோ கணக்குப் புத்தகத்தைத் திறக்கச் சொல்கிறது.

அப்படியானால் மனிதரிடம் நேர்மையாக இருந்தால் போதும், ஆராதனை எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். "பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து" என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. காணிக்கையை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லவில்லை. அது பலிபீடத்தின் முன் காத்திருக்கிறது. திதாகே என்னும் மிகப் பழமையான சபை ஒழுங்கு நூலும், அயலானோடு பிணக்கு உள்ளவர்கள் ஒப்புரவாகும்வரை அப்பம் பிட்கும் கூடுகையில் சேரவேண்டாம் என்கிறது. ஆராதனையை உயர்வாக மதித்ததனால்தான் அவர்கள் அதைக் காத்திருக்க வைத்தார்கள்.

அறுப்பின் பண்டிகையன்று நம் ஆலயங்களில் கேரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் பலிபீடத்தின் முன் குவிகின்றன. ஏலத்தில் ஒரு கட்டு கேரட்டைப் பல மடங்கு விலைக்கு மகிழ்ச்சியோடு எடுக்கிறோம். அந்தத் தாராளத்தை நான் குறை சொல்லமாட்டேன். அதில் ஒரு பகுதி தோட்டத்தில் குனிந்து நின்றவர்களின் கூலியில் பிடித்ததாக இருக்கக்கூடாது என்பதே என் கவலை.

1662-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகத்தில், நற்கருணைக்கு முன்னதாகவே சபைக்கு வாசிக்க வேண்டிய ஓர் அறிவிப்பு உண்டு. அயலாருக்குத் தீங்கு செய்தவர்கள் அவர்களோடு ஒப்புரவாகி, செய்த அநியாயத்துக்கு ஈடுசெய்ய ஆயத்தமாக வேண்டும் என்று அது கேட்டுக்கொள்கிறது. 1830-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஊட்டி பரிசுத்த ஸ்தேவான் ஆலயம் முதலாக, இம்மலையின் பழைய ஆலயங்கள் பலவும் அந்தப் புத்தகத்தின் வழிவந்தவையே. அப்படியொரு அறிவிப்பை நம் தமிழில் எளிமையாக எழுதி, அறுப்பின் பண்டிகைக்கு முந்தின ஞாயிறன்று வாசிக்க வேண்டும் என்று எங்கள் ஆயரிடமும் சபைக் குழுவிடமும் கேட்கவிருக்கிறேன். நடுவில் ஆறு நாட்கள் இருக்கும். கூலி பாக்கி, எடைக் கழிவு, வேலித் தகராறு, திரும்பக் கொடுக்காத கைமாற்று எல்லாவற்றையும் பேசித் தீர்க்க அந்த நாட்கள் போதாவிட்டால், பண்டிகையை ஒரு வாரம் தள்ளி வைப்பதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.