சிலேட்டும் பல்பமும் வாங்கியிருக்கலாமாம்

போன வாரம் நான் வாங்கிய சிறிய டேப்லெட்டைப் பற்றி இங்கே எழுதியதும், அதை ஒரு தம்பி ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தம் பக்கத்தில் போட்டு, "இந்தக் காசுக்கு ஒரு சிலேட்டும் பல்பமும் வாங்கியிருக்கலாம்" என்று எழுதியதும், அதன் கீழே வரிசைகட்டி நின்ற சிரிப்புக்குறிகளும் உங்களில் பெரும்பாலோர் பார்த்தவைதான். பார்க்காதவர்களுக்காக அதை மறுபடியும் இங்கே எடுத்துப் போடும் எண்ணம் எனக்கில்லை. பேசாமல் கடந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். என் அக்கா மகன் அதைக் குடும்பக் குழுவிலேயே அனுப்பி, "மாமா, இது உங்களைத்தானே?" என்று கேட்ட பிறகு பேசாமல் இருப்பது பெருந்தன்மையாகத் தெரியவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு பொருளை எந்த வேலைக்காக வாங்கினோமோ, அந்த வேலையை வைத்துத்தான் அதை அளக்க வேண்டும். அதைவிட மூன்று மடங்கு, நான்கு மடங்கு விலையுள்ள இன்னொரு பொருளை வைத்து அளப்பதற்குப் பெயர் விமர்சனம் அன்று.

அந்தப் பதிவில் நான் என்ன எழுதியிருந்தேன்? இந்தக் கருவியைப் போல உலகத்தில் உண்டா என்று கொண்டாடினேனா? 8.7 அங்குலத் திரை, 1340×800 புள்ளிகள், 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, வைஃபை மட்டும், விலை பத்தாயிரத்துச் சொச்சம் என்று சொன்னேன். வெயிலில் திரை முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடுகிறது என்றேன். சுற்றியுள்ள வெளிச்சத்துக்கேற்பத் திரையின் ஒளி தானாகக் கூடிக் குறையும் வசதி இல்லாததால் இரவில் கண் கூசி, கையால்தான் குறைக்க வேண்டியிருக்கிறது என்றேன். ஆண்ட்ராய்டும், நாம் கேட்காமலே ஏற்றி அனுப்பிய செயலிகளும் எடுத்துக்கொண்டது போக, 64 ஜிபியில் நம் பங்குக்கு வருவது கணிசமாகக் குறைவு, மெமரி கார்டு போட இடம் வைத்திருப்பதால் தப்பித்தோம் என்றேன். ஓடிடி செயலிகளில் உயர் துல்லியத்துக்கு வேண்டிய வைட்வைன் எல்1 சான்று இல்லாத கருவிகளில் படம் 480பி என்ற குறைந்த துல்லியத்திலேயே நின்றுவிடும், ஆகவே படம் பார்க்க வாங்குகிறவர்கள் அதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் எழுதினேன். இத்தனை குறைகளையும் எழுதியவன் நான். அந்தத் தம்பி புதிதாகக் கண்டுபிடித்தது சிலேட்டையும் பல்பத்தையும் மட்டுமே.

என் வேலை என்னவென்று என்னைத் தொடர்கிறவர்களுக்குத் தெரியும். பதிப்பகங்களுக்கு மெய்ப்பை, அதாவது அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்க எடுக்கும் படியை, திருத்திக் கொடுக்கிறேன். முன்பெல்லாம் மெய்ப்பு தாளில் கட்டாக வரும். இப்போது பிடிஎஃப் கோப்பாக வாட்ஸ்அப்பில் வருகிறது. கவிதைத் தொகுப்புகளும் சிறு நூல்களும் பெரும்பாலும் கிரௌன் 1/8 அளவில்தான் பக்கம் கட்டப்படுகின்றன. அதாவது அகலம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர். என் டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் 11 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். எனவே அச்சில் வரப்போகும் பக்கம் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அளவில் முழுதாகக் கண்ணெதிரே நிற்கிறது. ஓரத்து வெற்றிடத்தை வெட்டிவிட்டால் எழுத்து அச்சளவுக்கே வந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய டெம்மி அளவு நூல் கொஞ்சம் சிறுத்துத் தெரியும், அவ்வளவுதான்.

"இதைப் போனிலேயே பார்க்கலாமே, ஐயா" என்று ஒருவர் அன்பாகவே கேட்டிருந்தார். பார்க்கலாம். போன் திரையின் அகலம் ஏழு சென்டிமீட்டர்கூட இல்லை. பக்கத்தை முழுதாக வைத்தால் ணகரச் சுழியும் னகரச் சுழியும் ஒன்றாகிவிடும். பெரிதாக்கினால் வரியின் பாதிதான் தெரியும், விரலால் இடமும் வலமும் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். ஒரு வரி 'என்று' என்று முடிந்து அடுத்த வரியும் 'என்று' என்றே தொடங்கும்போது, அந்த இரட்டிப்பு, வரியின் முடிவும் அடுத்த வரியின் தொடக்கமும் ஒரே பார்வையில் விழுந்தால்தான் கண்ணில் படும். போனில் இழுத்துக்கொண்டே படிக்கிறவனுக்கு அது படாது, புத்தகம் அச்சாகி வந்த பிறகு வாசகர் கண்ணில்தான் படும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் டேப்லெட் வாங்கினேன். அந்த வேலையை இது செய்கிறது. கனமான ஸ்கேன் கோப்பைத் திறக்கும்போது யோசித்து யோசித்துத்தான் திறக்கிறது, அடுத்த பக்கத்துக்குத் தள்ளினால் ஒரு நொடி வெள்ளையாக நின்றுவிட்டுப் பிறகு எழுத்தைக் காட்டுகிறது. ஆனால் காட்டிய எழுத்தைப் படிக்க முடிகிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மதுரைத் திட்டத்து மின்னூல்களையும், தமிழ் இணையக் கல்விக்கழகம் ஏற்றி வைத்திருக்கும் பழைய ஸ்கேன் பிரதிகளையும் கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிகிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் தரும் இபப் வகை மின்னூல் கோப்புகளில் எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெருக்கிக்கொள்ளலாம் என்பதால் அங்கே இந்தச் சிக்கலே இல்லை.

யூடியூபில் இந்த வகைக் கருவிகளைப் பற்றிப் பேசுகிறவர்களைப் பாருங்கள். பெட்டியைப் பிரித்ததும் ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஓட்டுகிறார்கள், வேகத்தை அளக்கும் பெஞ்ச்மார்க் மதிப்பெண்ணைக் காட்டி உதட்டைப் பிதுக்குகிறார்கள், பின்பக்கக் கேமராவில் ஒரு பூந்தொட்டியைப் படமெடுத்து "பாருங்கள், எப்படி மங்கலாக இருக்கிறது" என்று சலித்துக்கொள்கிறார்கள். டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்துப் பூந்தொட்டியைப் படமெடுக்கிற மனிதர் எந்த ஊரில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. மண்வெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, இதில் முகச்சவரம் செய்ய முடியவில்லை என்று நொந்துகொள்வதற்கு இது சமம். ஒரு பிடிஎஃப் கோப்பைத் திறந்து, தமிழ் எழுத்து எப்படித் தெரிகிறது என்று காட்டிய ஒரு காணொளிகூட நான் தேடியவரையில் கண்ணில் படவில்லை.

அடுத்தது, "இன்னும் நாலாயிரம் போட்டிருந்தால் நல்லதாகவே கிடைத்திருக்குமே" என்ற கூட்டம். இந்த நாலாயிரத்துக்கு முடிவே கிடையாது. பத்தாயிரத்தில் நிற்பவனிடம் பதினாலாயிரத்தைக் காட்டுவார்கள். பதினாலாயிரத்துக்குப் போனால், இவ்வளவு கொடுத்த பிறகு இன்னும் ஓர் ஐயாயிரத்துக்கு யோசிக்கலாமா என்பார்கள். அப்படியே போய் நிற்கிற இடம் ஐபேட். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இவர்கள் காதில் விழுந்ததே இல்லை போலிருக்கிறது. அந்த நாலாயிரம் என் வீட்டில் வேறு ஒரு செலவுக்குப் பெயர் எழுதி வைத்த பணம். என்ன செலவு என்று சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கில்லை. "பழைய ஐபேடை செகண்ட் ஹேண்டில் வாங்கலாமே" என்கிறவர்கள், அதன் பேட்டரிக்கு யார் பொறுப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும்.

சிறிய டேப்லெட்டை ஏளனம் செய்வது புதிதுமல்ல, அதைச் செய்தவர்கள் சாமானியர்களுமல்லர். 2010 அக்டோபரில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸே ஏழு அங்குலக் கருவிகளைக் கிண்டல் செய்தார். வாங்குகிறவர்கள் தங்கள் விரல்களைத் தேய்த்துச் சிறிதாக்கிக்கொள்ள உப்புத்தாளும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும் என்ற பொருளில் பேசினார். அவர் மறைந்த மறு ஆண்டு, 2012 அக்டோபரில், அவருடைய நிறுவனமே 7.9 அங்குலத்தில் ஐபேட் மினியைக் கொண்டுவந்தது. அது ஏழல்ல, ஏழே முக்காலுக்கும் மேல் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அந்த முதல் ஐபேட் மினியின் திரையில் ஓர் அங்குலத்துக்கு 163 புள்ளிகள். நான் வாங்கிய சிலேட்டில் 179. அன்றைக்கு 329 டாலர் கொடுத்து அதை வாங்கியவர்களிடம் போய்ப் பல்பம் வாங்கச் சொன்னவர் யாரும் உண்டா?

உடனே ஒருவர், மாணவர்களுக்காக மத்திய அரசு கொண்டுவந்த மலிவு டேப்லெட்டான ஆகாஷை எடுத்துக்கொண்டு வருவார் என்று எனக்குத் தெரியும், வந்தும்விட்டார். "மலிவு டேப்லெட்டின் லட்சணத்தைத்தான் 2011-இலேயே பார்த்துவிட்டோமே" என்கிறார். நன்றாகப் பார்த்தோம். 2011 அக்டோபர் 5 அன்று அன்றைய மத்திய அமைச்சர் கபில் சிபல் தில்லியில் அதை வெளியிட்டார். ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்ததும் அதே தேதியில்தான் என்பது ஒரு விசித்திரம். 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி ரேம், அழுத்தினால் மட்டுமே உணர்கிற ரெசிஸ்டிவ் திரை. தொட்டால் கேட்காத, தட்டினால் தாமதிக்கிற கருவி என்ற புகார் அதன்மீது எழுந்தது நியாயம்தான். அதனால்தான் அடுத்த ஆண்டு நவம்பரில் வந்த ஆகாஷ் 2-இல் திரையை, விரல் பட்டாலே உணர்கிற கெபாசிடிவ் வகைக்கும், செயலியை 1 கிகாஹெர்ட்ஸுக்கும் மாற்றினார்கள். இதிலிருந்து என்ன தெரிகிறது? மாணவர் கையில் பாடம் படிக்கக் கொடுத்த கருவி அந்த வேலைக்குத் தடுமாறியது, ஆகவே குறை சொன்னார்கள். மலிவாக இருந்ததற்காக அல்ல. ஆகாஷை எந்தக் கோலால் அளந்தார்களோ, அதே கோலால்தான் என் கருவியையும் அளக்கச் சொல்கிறேன். இவ்வளவு எளிய விஷயத்தை இத்தனை வரிகளில் விளக்க வேண்டியிருப்பதே சலிப்பாக இருக்கிறது.

ஒரேயொரு எதிர்ப்பு மட்டும் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. இந்த விலைக் கருவிகள் பலவற்றுக்குப் பாதுகாப்பு அப்டேட் சில ஆண்டுகளிலேயே நின்றுவிடும், பிறகு அது மின்குப்பை, மலிவு என்று நினைத்து வாங்கியது கடைசியில் மலிவில்லை என்று ஒரு பொறியாளர் நண்பர் நிதானமாக எழுதியிருந்தார். உண்மைதான். அதனால்தான் இதில் வங்கிச் செயலி எதையும் ஏற்றவில்லை. ஆனால் அப்டேட்டை நிறுத்துவது நானா? அந்தக் கேள்வியை விற்கிறவர்களிடம் கேட்க வேண்டும். வாங்கியவன் தலையில் உலகத்து மின்குப்பை முழுவதையும் கொண்டுவந்து கொட்டுவது, ஆண்டுக்கொரு போன் மாற்றுகிறவர்கள் நிறைந்த ஊரில், கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கிறது. பிடிஎஃப் படிப்பதற்கு அடுத்த ஆண்டின் ஆண்ட்ராய்டு வேண்டியதில்லை.

இப்போது மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். இதை வாங்கப் போன கடையில், பெரிய கண்ணாடி மேசையில் சங்கிலி கட்டி வைத்திருந்த விலையுயர்ந்த கருவிகளைத் தாண்டி, மூலையில் கிடந்த இதைக் காட்டச் சொன்னதும், விற்பனைப் பையன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பேரனுக்கா சார்?" என்றான். எனக்குத்தான் என்றேன். அதற்குப் பிறகு அவன் பெட்டியைத் திறந்துகூடக் காட்டவில்லை. விலைச்சீட்டைச் சுட்டிக் காட்டிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டான். நானே பெட்டியைத் திறந்து, நானே கோப்பை ஏற்றி, எழுத்து தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டினேன். சின்னப் பையன், அவனுக்குக் கமிஷன் எதில் வருமோ அங்கே போகிறான். அவன்மீது எனக்குக் கோபமில்லை. படித்தவர்கள், கவிதை எழுதுகிறவர்கள், சமத்துவம் பற்றி நாள்தோறும் பதிவு போடுகிறவர்கள், அதே பார்வையைச் சிரிப்புக்குறியாக அனுப்பும்போதுதான் வலிக்கிறது. இவர்கள் சிரித்தது கருவியைப் பார்த்து அல்ல. பத்தாயிரத்தில் நின்றுவிட்டவனைப் பார்த்து. ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று எள்ளுருண்டைக்காரனே சொல்லிக்கொண்டால் அது அடக்கம். எட்டடுக்கு மாளிகையிலிருந்து எட்டிப் பார்த்து ஒருவர் சொன்னால் அதற்கு வேறு பெயர்.

"நகைச்சுவையைக்கூடத் தாங்க முடியாதா, ஐயா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: தாங்குவேன். என் கண்ணாடியின் தடிமனைப் பற்றி அச்சகத்தில் அடிக்காத கிண்டலா? அதைச் செய்தவர்கள் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள்.

சிரிப்புக்குறி போட்டவர்களின் பெயர்களை நிதானமாகப் படித்தேன், தொழில் அப்படி. அதில் ஒருவருடைய கவிதைத் தொகுப்பின் இரண்டாம் மெய்ப்பு இப்போது இந்தக் கருவியில்தான் திறந்திருக்கிறது. கிரௌன் 1/8, நல்ல கட்டமைப்பு, ஒற்று மட்டும் பல இடங்களில் காணோம். திருத்தங்களை வழக்கம்போலப் பக்க எண், வரி எண்ணோடு வாரக் கடைசிக்குள் பதிப்பகத்துக்கு அனுப்பிவிடுவேன். எதில் வைத்துப் படித்தீர்கள் என்று அவர் கேட்க மாட்டார் என்றே நம்புகிறேன்.