செல்போன் பேசினால் மூளையில் கட்டி வருமா?

"தினமும் அரை மணி நேரம் செல்போனில் பேசினால் மூளையில் கட்டி வரும், உலக சுகாதார நிறுவனமே உறுதி செய்துவிட்டது." மதுரைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தத் தகவல் தவறு.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் செல்போன் வெளியிடும் ரேடியோ அலைகளை '2பி' பிரிவில் வைத்தது உண்மை. புற்றுநோய் தரும் என்பதற்குச் சான்று போதாது, ஆனாலும் முற்றாக மறுக்கவும் முடியாது என்பவை அந்தப் பிரிவில் வரும். கற்றாழையின் முழு இலைச் சாறும் அங்கேதான் இருக்கிறது; அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை!

அப்போதைய சந்தேகத்துக்கு ஒரு காரணம், 13 நாடுகளில் நடந்த இன்டர்ஃபோன் ஆய்வு. மிக அதிகம் பேசியவர்களிடம் மட்டும் கட்டி சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் பல ஆண்டுகளாகப் பேசிய நேரத்தை நோயாளிகள் நினைவிலிருந்து சொன்னார்கள். சிலர் சொன்ன கணக்கு நம்பும்படியே இல்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்யப்பட்டு 2024-இல் வெளியான தொகுப்பாய்வு 63 ஆய்வுகளை அலசியது. பத்தாண்டுக்கு மேல் பயன்படுத்தியவர்களிடமும் மூளைக்கட்டி கூடவில்லை.

இந்த அலைகளுக்கு மரபணுவை உடைக்கும் ஆற்றல் கிடையாது. திசுவை லேசாகச் சூடாக்கும், அவ்வளவுதான். உடல் உள்வாங்கும் அந்த அலை ஆற்றலுக்கும் இந்தியாவில் வரம்பு உண்டு: ஒரு கிலோ திசுவுக்கு 1.6 வாட். உங்கள் போனுக்கு இது எவ்வளவு என்று அறிய *#07# அழுத்துங்கள்.

சிக்னல் குறைந்த மலையடிவாரத்தில் போன் கூடுதல் சக்தியில் இயங்கும். மனம் கேட்காவிட்டால் அங்கே இயர்போனில் பேசலாம்.

விடாத தலைவலியோடு வாந்தி, புதிதாக வலிப்பு என்றால் போனைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போங்கள்.