கொளச்சல்ல ஜெயிச்சோம், சரி

போன மாசம் அக்கா மவன் நெதர்லாந்துல இருக்குற ஐந்தோவன்ல இருந்து லீவுக்கு வந்தான், கூட வேல பாக்குற ஒரு டச்சுக்காரப் பையனையும் கூட்டிட்டு வந்தான். நல்ல பய, மீன் கொழம்பையும் மரச்சீனியையும் கையால பிசைஞ்சு தின்னான், கண்ணுல தண்ணி வந்தாலும் விடல. பத்மநாபபுரம் அரமனைய காட்டிட்டு (தமிழ்நாட்டுக்குள்ள இருக்கு, ஆனா பராமரிக்குறது கேரளா அரசு, இத வெளியூர்க்காரனுக்கு வெளக்கி முடிக்கதுக்குள்ள நமக்கே மண்டை சுத்திரும்) அப்பிடியே உதயகிரிக் கோட்டைக்கு போனோம். அங்க கூரையில்லாத ஒரு பழைய சர்ச்சு, உள்ள டிலனாய் கல்லறை. 1741ல நம்ம கடற்கரை ஊரு கொளச்சல்ல டச்சுக் கம்பெனிப் படை திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாகிட்ட தோத்தப்போ பிடிபட்ட ஆளு. பொறவு அதே ராஜா பட்டாளத்துக்கு துப்பாக்கியும் பீரங்கியும் சொல்லிக்குடுத்து, வலிய கப்பித்தான்னு (பெரிய கேப்டன்) பேரெடுத்து, 1777ல இங்கயே செத்து இங்கயே அடங்கிட்டாரு. கல்லுல லத்தீன்லயும் தமிழ்லயும் எழுத்து இருக்கு. எங்க பயலுக்கு அத பாத்ததும் நெஞ்சு ஒரு இஞ்ச் ஏறிட்டு. ஒங்க ஆளுங்கள நாங்க இஞ்ச வச்சு அடிச்சோம் தெரியுமான்னு அவன்கிட்ட இங்கிலீஷ்ல சொல்லுகான்.

அவன் சிரிச்சான். அப்பிடியா, எங்களுக்கு பள்ளிக்கூடத்துல இந்தோனேசியா பத்தி கொஞ்சம் சொல்லிக்குடுத்தாங்க, இந்த ஊரு பேர கேட்டதே இல்லயேன்னான். கிண்டல் எல்லாம் இல்ல, நெஜமாவே தெரியாது.

எனக்கு அது என்னமோ குத்திட்டு. எரநூத்தி எம்பது வருசத்துக்கு மேலாச்சு, நாம தூணு நட்டு வச்சு, பேச்சுப் போட்டியில பேசி, வருசா வருசம் வாட்ஸப்புல ஃபார்வர்டு பண்ணி, ஐரோப்பாக்காரன மண்ணக் கவ்வ வச்ச மண்ணுடான்னு மீச முறுக்கிட்டு இருக்கோம், தோத்தவன் வீட்டுப் பிள்ளைக்கு அப்பிடி ஒரு சண்ட நடந்ததே தெரியல. அவங்க கம்பெனி 1602ல ஆரம்பிச்சு 1799ல கடன்ல மூழ்கி இழுத்து மூடியாச்சு. நல்லமொளகுக்கு கப்பல் கட்டி வந்த நாடு இன்னைக்கு சிப்பு அச்சடிக்க மிஷின் செய்யுது. ஏஎஸ்எம்எல்னு அவங்க ஊரு கம்பெனி செய்ற அந்த பெரிய மிஷின ஒலகத்துல வேற எவனாலயும் செய்ய முடியல. அத சைனாவுக்கு விக்கக்கூடாதுன்னு அமெரிக்கா நெருக்குனா நெதர்லாந்தும் கேட்டுத்தான் ஆவணும். அதாவது அவனுக்கும் மேல ஒருத்தன். நம்ம பய அந்த மிஷினுக்கு பார்ட்ஸ் சப்ளை பண்ற எடத்துல சம்பளத்துக்கு இருக்கான். இதுல யாரு ஜெயிச்சா, யாரு தோத்தா?

சரி கொளச்சலுக்கு அப்புறம் என்ன ஆச்சு? 1805ல அதே திருவிதாங்கூர் இங்கிலீஷ்காரன்கிட்ட கையெழுத்து போட்டு வருசத்துக்கு எட்டு லட்சம் கப்பம் கட்ட ஒத்துக்கிட்டு. டச்சுக்காரன அடிச்சு அறுபத்திநாலே வருசம். அத எதுத்துட்டு 1809ல செத்துப்போன வேலுத்தம்பி தளவா (தளவான்னா ராஜாவுக்க முதன்மந்திரி) நம்ம தலக்குளத்துக்காரர்தான். இத ஃபார்வர்டு பண்ண ஆளில்ல.

இன்னொரு கூத்து சோழப் பெருமை. ராஜேந்திரன் கடாரம் போனாரு, கங்கைக்கு போனாரு, எல்லாம் சரி, கப்பல் படம் போட்டு ஸ்டேட்டஸ் வைக்குறது எங்க தெருவுலயும் உண்டு. ஆனா மக்கா, அவருக்க அப்பா ராஜராஜன் மெய்க்கீர்த்தியில (கல்வெட்டுல வர்ற புகழ்ப்பாட்டு) தொடக்கத்துலயே பெருமையா வர்ற 'காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி' (கலம்னா கப்பல்னு பல பேரு சொல்லுகாங்க) எந்தப் பக்கம் நடந்ததுன்னு நெனைக்க? திருவனந்தபுரம் பக்கம்னுதான் பல பேரு சொல்லுகாங்க. இங்க இருந்து பஸ்சுல ஒண்ணர மணி நேரம். எங்க மூதாதைகள் ஒருவேள அந்தக் கலத்துக்குள்ள இருந்தவங்களா இருந்தா? அடிச்ச பக்கம் நின்னு விசிலடிக்கணுமா, அடி வாங்குன பக்கம் நின்னு அழணுமா? அதிர்த்தியில, அதான் எல்லையில, பொறந்தவனுக்கு இந்தக் கேள்விக்கு சுலபமா பதில் வராது.

இதவிட பெரிய கேள்வி, கொளச்சல்ல ஜெயிச்ச 'நாம' யாரு? எங்க பாட்டிக்க பாட்டிக்கு அதே ராஜ்ஜியத்துல மேல ஒரு துணி போட உரிமை இல்ல. வருசக்கணக்கா அடியும் தீவப்பும் நடந்து, சென்னை கவர்னரு நெருக்குன பொறவுதான் 1859 ஜூலையில ராஜா உத்தரவு போட்டாரு. அந்த உத்தரவுலயும் ஒரு வெசம், நாடார் பொம்பளைங்க மேல மறைக்கலாம், ஆனா ஒசந்த சாதிப் பொம்பளைங்க போடுத மாதிரி போடக்கூடாதாம். நெருக்குனது யாரு, வெள்ளக்காரன். எட்டு லட்சம் வாங்குன அதே வெள்ளக்காரன். அதுக்காக அவன கும்பிடவும் முடியாது, ராஜாவ கும்பிடவும் முடியாது. சாமித்தோப்புல அய்யாவழிக்காரங்க கும்பிடுத வைகுண்டர் இதுக்கு முன்னாடியே வெள்ளக்காரன வெண்நீசன்னும் ராஜாவ கலிநீசன்னும் ஒரே வாயால சொல்லிட்டு ஜெயிலுக்கும் போயி வந்தாரு. தலையில துண்டு கட்ட விடாதவன் நாட்டுல தலப்பாக கட்டிட்டு கும்பிட வாடேன்னாரு, உள்ள செலை வைக்காம கண்ணாடி வச்சாரு, எல்லாரும் ஒரே கெணத்துல தண்ணி கோருங்கன்னு முந்திரிக்கிணறு வெட்ட வச்சாரு. எனக்கு தெரிஞ்சு எங்க பக்கத்துல நடந்த பெரிய போரு அதுதான், கொளச்சல் இல்ல.

இவ்வளவும் பேசுகேன்ல, இப்போ வீட்டு விசயம். அந்த டச்சுப் பையன் வந்த அன்னைக்கே விளையில தேங்கா வெட்டு. அம்மா அவனுக்கு பீரோவுல பத்து வருசமா பூட்டி வச்சிருந்த பீங்கான் கப்ப எடுத்து சாயா குடுத்தா, துண்டால தொடச்சு தொடச்சு. முற்றத்துல நாற்காலி, அதுல தலகாணி வேற. தேங்கா வெட்டுதவரு கொல்லப்பக்கம் படியில இருந்தாரு. அவருக்கு சாயா, கெணத்துச் செவருல கவுத்தி வச்சிருக்க அந்த நசுங்குன சில்வர் டம்ளர்ல. குடிச்சிட்டு அவரே கழுவி அவரே கவுத்தி வச்சிட்டு போனாரு. நானும் சின்னதுல இருந்து பாக்கேன், ஒரு நாளும் வாய தொறந்ததில்ல. பாட்டிக்க பாட்டிக்கு துணி போட விடலன்னு பேஸ்புக்குல எழுதுத ஆளு, அந்த டம்ளர ஒரு நாள் கூட அடுக்களைக்குள்ள கொண்டு போனதில்ல.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அந்த டச்சுக்காரன் நம்மள மதிக்கணும்னு எங்களுக்குள்ள அவ்வளவு தவிப்பு, அவன் கொளச்சல தெரியாதுன்னு சொன்னதுக்கு மொகம் வாடுது. இந்த மனுசன் நாப்பது வருசமா எங்க தென்னையில ஏறுகாரு, அவரு எங்கள மதிக்காரா இல்லியான்னு யாராச்சும் ஒரு நாளு யோசிச்சமா.

மறுநாள் தக்கலை போயி ஒரே மாதிரி ஆறு டம்ளர் வாங்கிட்டு வந்தேன், அந்த நசுங்குனத பழைய இரும்புக்காரனுக்கு போட்டேன். அம்மா ஒண்ணும் சொல்லல. சரி வயசானவ, புரிஞ்சுக்கிட்டான்னு நெனச்சேன். பத்து நாள் கழிச்சு அடுத்த வெட்டுக்கு முந்தின நாள் டம்ளர் கழுவும்போது பாக்கேன், ஒண்ணோட அடியில மட்டும் சின்னதா ஒரு செவப்புப் புள்ளி. அக்கா விட்டுட்டுப் போன நெயில் பாலிஷ்.

இப்போ காலையில சாயாவ நான் அதுலதான் குடிக்கேன். அம்மா ஒரு வாரமா என்கூட பேசல.