மேன்ஷன் ஹவுஸும் ஷெரீஃப் அபராதமும்

லண்டனின் பழைய மையப் பகுதியான ‘சிட்டி’யின் மேயர் ஊர்வலம் என்றாலே 1757இல் செய்த தங்கமுலாம் வண்டியைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கால நகராட்சியைப் புரிந்துகொள்ள வண்டியை விட மேன்ஷன் ஹவுஸ் என்னும் மேயரின் வீட்டைப் பார்க்க வேண்டும். குறிப்பாக, அதற்குப் பணம் வந்த வழியை.

ஷெரீஃப் என்பது மேயருக்குக் கீழே உள்ள ஒரு நகரப் பதவி; அதில் இருந்திராத ஆல்டர்மன் (நகராட்சியின் மூத்த உறுப்பினர்) மேயராக முடியாது. ஜூன் 24 அன்று நகராட்சி மன்றமான கில்ட்ஹாலில் லிவரி (பழைய தொழிற்சங்கக் குழுக்கள்) உறுப்பினர்கள் ஷெரீஃப்களைத் தேர்ந்தெடுப்பார்கள். செப்டம்பர் 29 அன்று மேயர் பதவிக்கு இரண்டு பெயர் சொல்வார்கள். அதில் ஒருவரை ஆல்டர்மன் மன்றம் எடுத்துக்கொள்ளும். இதுவரை சரி.

சிக்கல் 1661ஆம் வருடச் சட்டத்தில் இருக்கிறது. தேர்தலுக்கு முந்தைய ஓராண்டுக்குள் இங்கிலாந்தின் அரசுச் சபையான ஆங்கிலிக்கன் திருச்சபையில் திருவிருந்து (அப்பமும் திராட்சை ரசமும் பெறும் சடங்கு) எடுத்திருந்தால்தான் நகராட்சிப் பதவி. அதை ஏற்காமல் வேறு புராட்டஸ்டன்ட் சபைகளில் இருந்த டிசென்டர்கள் மனசாட்சிப்படி அதை எடுக்க மாட்டார்கள். இது தெரிந்தே 1748இல் சிட்டி நகராட்சி ஒரு துணைவிதி போட்டது: ஷெரீஃப் நியமனத்தை மறுத்தால் 400 பவுண்டும் 20 மார்க்கும் (பழைய பணக் கணக்கு), தேர்வான பிறகு மறுத்தால் 600 பவுண்டு அபராதம். பிறகு வசதியான டிசென்டர்களாகப் பார்த்து ஷெரீஃப் பதவிக்குப் பெயர் சொன்னார்கள். அபராதப் பணம் மேன்ஷன் ஹவுஸ் கட்டும் கணக்குக்குப் போனது. 15,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது!

ஜார்ஜ் டான்ஸ் வடிவமைத்த அந்த வீட்டில் முதலில் குடியேறிய மேயர் சர் கிறிஸ்ப் காஸ்கோய்ன், 1752இல்.

1754இல் ஷீஃப், ஸ்ட்ரீட்ஃபீல்ட், எவன்ஸ் என்ற டிசென்டர்கள் மூவரும் அபராதம் கட்ட மறுத்தார்கள். கீழ் நீதிமன்றங்கள் சிட்டி பக்கம் நின்றன. வழக்கு மேலே ஏறி, 1767 பிப்ரவரியில் அப்போதைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபையில் முடிந்தது. நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு டிசென்டர்கள் பக்கம் பேசினார். 1689இன் சகிப்புச் சட்டத்துக்குப் பிறகு வேறு சபையில் வழிபடுவது குற்றமே அல்ல என்பது அவர் வாதம். எனக்கு அதில் ஒரு எழுத்துகூட மிகையாகப் படவில்லை. பதவிக்கு வராதே என்று ஒரு சட்டம், வராததற்கு அபராதம் கட்டு என்று ஒரு விதி. ஒரே ஆள்மேல் இரண்டையும் போடுவது பட்டப்பகல் பறிப்பு.

தீர்ப்பு வந்தபோது மூவரில் உயிரோடிருந்தவர் எவன்ஸ் மட்டுமே, அவரும் மரணப்படுக்கையில். ஜெயித்தது டிசென்டர்கள்தான்; அபராதம் ஒழிந்தது. ஆனால் திருவிருந்து நிபந்தனை 1828 வரை சட்டத்தில் இருந்தது.