வட்டியில்லாக் கடன் என்றால் இலவசம் இல்லை

"ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பாஸ் பண்ணிய மலையகப் பிள்ளைகளுக்குத் தனியார் பல்கலைக்கழகம் இப்போது இலவசம்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அது தவறு. இலங்கை அரசின் திட்டம் கடன்தான். வட்டியை அரசு கட்டும், வாங்கிய கடன் பணத்தை மாணவர்தான் திருப்பிக் கட்ட வேண்டும். என் தங்கையின் கடனுக்குப் பிணை நிற்க ஆள் தேடி அப்பா தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக நடந்தார். கையெழுத்துப் போட எல்லோருக்கும் பயம்.

அப்புறம், நுவரெலியா, பதுளை இரண்டும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளவை. அவற்றுக்கு அரச பல்கலைக்கழக அனுமதியில் தனி ஒதுக்கீடு உண்டு. இசட் புள்ளி (அனுமதிக்காக ஏ.எல். மதிப்பெண்களைத் தரப்படுத்திக் கணக்கிடும் புள்ளி) கொஞ்சம் குறைந்தவர்கள் இன்னொரு முறை எழுதிப் பார்க்கலாம். திறந்த பல்கலைக்கழகம் கட்டணம் வாங்கினாலும் அரசுடையதுதான்; கண்டியில் அதற்கு நிலையம் இருக்கிறது. தனியாருக்கே போவதென்றாலும் சரி, அந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே காசு கட்டுங்கள்.